ஏழு காய்கள் மிஞ்சியபோது

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரின் செந்தோசா தீவில் உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டம். அதுதான் கடைசி ஆட்டம். நவம்பர் 25 முதல் நடந்த 13 ஆட்டங்களில் நடப்பு சாம்பியன் டிங் லிரெனும் சென்னையைச் சேர்ந்த டி. குகேஷும் ஆளுக்கு இரண்டு ஆட்டங்களை வென்றிருந்தார்கள். மீதமெல்லாம் டிரா. ஆளுக்கு ஆறரைப் புள்ளி. இதுவும் டிராவாகிவிட்டால் வேக ஆட்டங்களில் பட்டம் முடிவாகும்.

டிங் வெள்ளைக் காய்களை ஆடினார். இருவரும் 54 நகர்த்தல்களை முடித்தபோது பலகையில் மிஞ்சியவை ஒன்பது காய்கள். வெள்ளையிடம் ராஜா, யானை, பிஷப், ஒரு சிப்பாய். கறுப்பிடம் ராஜா, யானை, பிஷப், இரண்டு சிப்பாய்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல்தான். ஆனால் மூன்று சிப்பாய்களும் பலகையின் ஒரே பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றன. இப்படிப்பட்ட நிலையில் ஒரு சிப்பாய் அதிகம் இருப்பதால் மட்டும் யாரும் ஜெயித்துவிட முடியாது. நேரலையில் வர்ணனை செய்துகொண்டிருந்த கிராண்ட்மாஸ்டர்கள் பலர் டிரா என்றே எதிர்பார்த்தார்கள். கணினிகளும் ஆட்டம் சமம் என்றே காட்டின.

55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து குகேஷின் யானைக்கு நேரே நிறுத்தினார். வெட்டிக்கொள்ளலாம் வா என்ற அழைப்பு அது. இவ்வளவு குறைந்த சிப்பாய்கள் மிஞ்சிய நிலையில் காய்கள் குறையக் குறைய டிரா நெருங்கும் என்று தோன்றுவது இயல்பு. டிரா தேடும் டிங் காய்களை வெட்டிக்கொள்ள விரும்பியதில் வியப்பில்லை. குகேஷ் வெட்டினார். டிங்கின் ராஜா திருப்பி வெட்டியது. இப்போது பலகையில் ஏழு காய்கள்.

இந்த ஏழு என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்பது காய்கள் இருந்தவரை அந்த ஆட்டத்தின் முடிவை உலகில் யாராலும், எந்தக் கணினியாலும் முழு நிச்சயத்தோடு சொல்லியிருக்க முடியாது. சிறந்த மதிப்பீடுதான் கிடைத்திருக்கும். ஏழு காய்கள் ஆன நொடியில் நிலைமை மாறிவிட்டது. ஏழோ அதற்குக் குறைவோ காய்கள் உள்ள எந்த நிலையாக இருந்தாலும் அது வெற்றியா, தோல்வியா, டிராவா என்பது மனிதகுலத்துக்குத் தெரியும். ஊகமாக இல்லை, முடிந்த முடிவாகத் தெரியும். உலகப் பட்டத்தின் விதி அந்த எல்லைக்கோட்டைத் தாண்டிய இடத்திலேயே தீர்ந்தது. எனக்கு அந்த ஆட்டத்தின் வேறெந்தப் பகுதியையும் விட இதுதான் பெரிதாகப் படுகிறது.

அந்த எல்லை எங்கே போடப்பட்டது, யார் போட்டார்கள் என்று பார்க்க, முதலில் செஸ்ஸின் பரப்பைக் கொஞ்சம் அளந்துகொள்வோம்.

ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 நகர்த்தல்கள் சாத்தியம். சிப்பாய்களுக்கு 16, குதிரைகளுக்கு 4. கறுப்புக்கும் அதே 20. ஆக, இருவரும் ஒருமுறை ஆடி முடித்ததும் 400 வழிகள். வெள்ளை மறுபடியும் ஆடினால் 8,902. கறுப்பும் ஆடினால் 1,97,281. இருவரும் மும்மூன்று முறை ஆடி முடிப்பதற்குள் 11 கோடியே 90 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் கணினியைச் செஸ் ஆடவைப்பது பற்றி 1950இல் எழுதிய கட்டுரையில், 40 நகர்த்தல் நீளும் ஆட்டங்கள் எத்தனை விதமாக அமையக்கூடும் என்று தோராயமாகக் கணக்கிட்டார். விடை, 1க்குப் பின்னால் 120 சுழியங்கள். நம் கண்ணுக்கும் கருவிகளுக்கும் எட்டிய பிரபஞ்சத்தின் அணுக்களை எண்ணினாலே 1க்குப் பின்னால் 80 சுழியங்கள் அளவுக்குத்தான் வரும்.

ஆட்டங்களை விட்டுவிட்டுப் பலகையில் தோன்றக்கூடிய நிலைகளை மட்டும் எண்ணினால் தொகை குறையும். வெவ்வேறு ஆட்டங்கள் ஒரே நிலையில் வந்து சேரும் அல்லவா? ஜான் ட்ராம்ப் என்ற கணினி அறிஞரின் மதிப்பீட்டின்படி, விதிப்படி தோன்றக்கூடிய நிலைகள் 48க்குப் பின்னால் 43 சுழியங்கள் இட்ட தொகையை ஒட்டியவை.

எவ்வளவு பெரிய தொகை என்றாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு. ஜெர்மானியக் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் செர்மெலோ இந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டார். 1913இல் வெளியான அவருடைய கட்டுரையிலிருந்து பிறந்த கருத்து இதுதான்: அதிர்ஷ்டத்துக்கு இடமில்லாத, எதையும் மறைக்காத, முடிவுள்ள ஓர் ஆட்டத்தில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு திட்டமான விடை இருந்தே தீரும். இருவரும் பிழையில்லாமல் ஆடினால் வெள்ளை வெல்லும், அல்லது கறுப்பு வெல்லும், அல்லது டிரா. முதல் நகர்த்தலுக்கு முன்பே இந்த மூன்றில் ஒன்று செஸ்ஸின் விதியாக இருக்கிறது. எது என்பதை இன்றுவரை யாரும் நிறுவவில்லை. டிராவாகத்தான் இருக்கும் என்று பெரும்பாலான வல்லுநர்கள் நம்புகிறார்கள். நம்பிக்கை வேறு, நிறுவல் வேறு.

நம்பிக்கைக்கும் நிறுவலுக்கும் உள்ள இந்த இடைவெளியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஜவ்வாது மலை நினைவுக்கு வரும். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறிப் போனால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் காவலூர். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வான் ஆய்வகம் அங்கே இருக்கிறது. 1960களின் இறுதியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அது தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு கடக்கவிருந்தது. உலகின் பல இடங்களில் வானியலாளர்கள் காத்திருந்தார்கள். காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அந்த விண்மீனின் ஒளியைப் பதிவு செய்தபோது, ஒளி எதிர்பாராத ஒரு கணத்தில் மங்கி மீண்டது. ஏதோ ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. என்ன அது? யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று அவர்கள் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். அதே நிகழ்வை விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியில் பார்த்த அமெரிக்கக் குழுவினரின் பதிவுகளோடும் பிற இடங்களின் பதிவுகளோடும் ஒப்பிட்ட பிறகுதான் விஷயம் தெளிந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன! காவலூரின் அளவீட்டில் குறையில்லை. இயற்கையை ஆராய்பவருக்கு ஒளியின் ஒரு மங்கல் மட்டும்தான் கிடைக்கிறது. அதிலிருந்து காரணத்தை ஊகிக்க வேண்டும், ஊகத்தை இன்னொருவரின் பதிவோடு உரசிப் பார்க்க வேண்டும், எந்த விடையிலும் கொஞ்சம் ஐயத்துக்கு இடம் விட்டுவைக்க வேண்டும். வானியலின் நிலை அப்படித்தான், வேதியியலின் நிலையும் மருத்துவத்தின் நிலையும் அதுதான்.

செஸ்ஸின் ஏழு காய் எல்லைக்குள் அந்த ஐயம் துளியும் கிடையாது. உள்ளே இருக்கும் நிலைகளோ 424 லட்சம் கோடி. நிலவில்லாத இரவில் காவலூர் போன்ற இருண்ட இடத்தில் நின்று அண்ணாந்தால் வெறுங்கண்ணுக்குச் சில ஆயிரம் விண்மீன்கள் தெரியும். நம் பால்வீதி முழுவதிலும் 10,000 கோடி முதல் 40,000 கோடி வரை இருக்கலாம் என்கிறார்கள். கூடுதலான கணக்கை எடுத்துக்கொண்டாலும், ஆயிரம் பால்வீதிகளின் விண்மீன்களுக்கு ஈடான நிலைகள் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் விடை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எந்த வானியலாளருக்கும் வாய்க்காத நிறைவு இது.

காவலூருக்கும் செஸ்ஸுக்கும் இன்னொரு சின்ன உறவும் உண்டு. 1988 பிப்ரவரியில் காவலூரில் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. அதன் எண் 4130. அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் கென்சோ சுசுகி ஒரு சிறுகோளைக் கண்டார். அதன் எண் 4538. பல ஆண்டுகள் பெயரில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த அதற்கு 2015இல் விஸ்வநாதன் ஆனந்தின் பெயரை வைத்தார்கள். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராக ஆனந்த் ஆனதும் 1988இல்தான்.

424 லட்சம் கோடி நிலைகளுக்கு எப்படி விடை எழுதினார்கள்? முன்னோக்கி ஆடிப் பார்த்தால் ஆயுள் போதாது. அதனால் பின்னோக்கி ஆடினார்கள். சிறுவர் இதழ்களில் 'முயலுக்கு வழி காட்டுங்கள்' என்று ஒரு புதிர் வருமே, அதில் முயலிடமிருந்து தொடங்காமல் கேரட்டிலிருந்து தொடங்கினால் சட்டென்று வழி தெரிந்துவிடும். அதே உத்திதான்.

மூன்று காய்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். வெள்ளையிடம் ராஜாவும் யானையும், கறுப்பிடம் தனி ராஜா. கறுப்பு ராஜா செக்மேட் ஆகி நிற்கும் நிலைகளை எல்லாம் முதலில் பட்டியலிட வேண்டும். அவற்றில் விளக்கத்துக்கு எதுவும் இல்லை, ஆட்டம் முடிந்துவிட்டது. அடுத்து, ஒரே நகர்த்தலில் அந்தப் பட்டியலுக்குள் வெள்ளை நுழையக்கூடிய நிலைகளைத் தேட வேண்டும். அவை 'ஒன்றில் வெற்றி'. பிறகு, கறுப்பு எங்கே நகர்ந்தாலும் 'ஒன்றில் வெற்றி' நிலைகளில்தான் போய் விழும் என்ற நிலைகள். அவற்றுக்கும் ஒரு குறி. அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வெள்ளையால் முடிகிற நிலைகள் 'இரண்டில் வெற்றி'. இப்படியே பின்னால் பின்னால் நடந்து, புதிதாகக் குறி போட எதுவும் கிடைக்காதபோது நிறுத்திவிட வேண்டும். குறி விழாமல் எஞ்சிய நிலைகள் எல்லாம் டிரா. யானையும் ராஜாவும் தனி ராஜாவை வீழ்த்த அதிகபட்சம் 16 நகர்த்தல்கள் போதும் என்பது இப்படித்தான் கிடைக்கிறது. பிஷப்பும் குதிரையும் சேர்ந்து வீழ்த்த 33.

நான்கு காய்களுக்கு இதைச் செய்ய மூன்று காய் அட்டவணை தயாராக இருக்க வேண்டும். ஒரு காய் வெட்டுப்பட்டால் ஆட்டம் அந்த அட்டவணைக்குள்தானே இறங்கும்? ஐந்துக்கு நான்கு, ஆறுக்கு ஐந்து. அடித்தளத்திலிருந்து மாடி மாடியாக எழுப்ப வேண்டிய கட்டடம். ஒரு மாடியையும் தாண்டிக் குதிக்க முடியாது.

இந்த உத்தியை 1965இல் முன்மொழிந்தவர் ரிச்சர்ட் பெல்மன். தாமஸ் ஸ்ட்ரோலைன் என்ற ஜெர்மானியர் 1970இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் சில எளிய இறுதிநிலைகளுக்கு இதைச் செய்து காட்டினார். ஆனால் செஸ் உலகை உலுக்கியவர் கென் தாம்சன். கணினித் துறையில் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவராக அவரை எல்லோருக்கும் தெரியும்.

1977இல் தாம்சன் ராணிக்கு எதிராக யானை என்ற நான்கு காய் இறுதிநிலையின் முழு அட்டவணையைத் தயாரித்தார். ராணி வைத்திருப்பவர் எளிதில் வென்றுவிடலாம் என்று புத்தகங்கள் சொல்லிவந்தன. அமெரிக்க சாம்பியனாக இருந்த கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுன் பந்தயம் கட்டினார். அவரிடம் ராணி, கணினியிடம் யானை. 31 நகர்த்தல்களில் வெற்றி நிச்சயமாகியிருக்க வேண்டிய நிலை. செஸ் விதிப்படி 50 நகர்த்தல்கள் வரை எந்தக் காயும் வெட்டுப்படாமல், சிப்பாயும் நகராமல் போனால் டிரா கேட்கலாம். பிரவுனால் அந்த 50க்குள் முடிக்க முடியவில்லை. கணினி, மனிதர் யாரும் ஆடாத விசித்திரமான இடங்களில் யானையை ஒளித்து ஒளித்து வைத்தது. பிரவுன் வீட்டுக்குப் போய் சில வாரங்கள் படித்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார். இந்த முறை சரியாக 50ஆவது நகர்த்தலில் யானையைப் பிடித்தார். தோற்ற இடத்துக்குத் திரும்பி வந்து, அட்டவணையை ஆசிரியராக ஏற்றுக்கொண்டு வென்ற பிரவுன் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

1983இல் தாம்சனின் அட்டவணைகள் இன்னொரு நம்பிக்கையைத் தகர்த்தன. இரண்டு பிஷப்புகளுக்கு எதிராகத் தனிக் குதிரை தாக்குப்பிடித்துவிடும் என்று 1851இலேயே க்ளிங், ஹார்விட்ஸ் என்ற இருவர் ஒரு தற்காப்பு நிலையைக் காட்டியிருந்தார்கள். நூற்றுமுப்பது ஆண்டுகளாகப் பாடநூல்கள் அதை நம்பின. அட்டவணையோ பிஷப்புகள் வெல்லும் என்றது. சில நிலைகளில் 66 நகர்த்தல்கள் வரை ஆகலாம், ஆனால் வெற்றி உறுதி. இந்தக் கண்டுபிடிப்புகளால் சில இறுதிநிலைகளுக்கு 50 நகர்த்தல் விதியையே நீட்டிப் பார்த்தார்கள். பிறகு எல்லாவற்றுக்கும் 50 என்றே திரும்பிவிட்டார்கள்.

மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் லோமனோசோவ் மீக்கணினி 2012இல் ஏழு காய் அட்டவணைகளை முடித்தது. அளவு 140 டெராபைட். அடுத்த ஆண்டு ரொனால்ட் டி மான் என்பவர் 'சிசிஜி' என்ற இன்னும் சுருக்கமான அட்டவணை முறையை உருவாக்கினார். அந்த முறையில் ஏழு காய்கள் முழுவதும் 2018இல் நிறைவடைந்தபோது, அளவு ஏறத்தாழ 18 டெராபைட்டாகச் சுருங்கியிருந்தது. இன்று இணைய வசதியுள்ள எவரும் இலவசமாக அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஏழு காய்களுக்குள் செக்மேட்டுக்கு 549 நகர்த்தல்கள் தேவைப்படும் நிலை ஒன்றும் இருக்கிறது. அதன் முதல் சில நூறு நகர்த்தல்கள் ஏன் செய்யப்படுகின்றன என்று உலக சாம்பியன்களுக்கும் விளங்காது. அட்டவணை காரணம் சொல்வதில்லை. எட்டுக் காய்களுக்கு முழு அட்டவணை இன்னும் உருவாகவில்லை.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். யானைகள் வெட்டுப்பட்ட பிறகு நின்ற ஏழு காய்கள் இவை. வெள்ளை: ராஜா எஃப்2, பிஷப் ஏ8, சிப்பாய் ஜி3. கறுப்பு: ராஜா ஈ5, பிஷப் ஈ6, சிப்பாய்கள் எஃப்5, ஜி4. ஆடவேண்டியது கறுப்பு. அட்டவணையின் விடை ஒற்றைச் சொல்: வெற்றி.

குகேஷ் தன் பிஷப்பை டி5 கட்டத்தில், டிங்கின் பிஷப்புக்கு நேர் எதிரே வைத்தார். ஏ8 என்பது பலகையின் மூலை. அங்கே நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு சாய்வுக் கோடுதான். அந்தக் கோட்டைக் குகேஷின் பிஷப் அடைத்துவிட்டது. பக்கத்துக் கட்டமான பி7இல் நின்றிருந்தால் டிங்கின் பிஷப் குறுக்கே தப்பி ஓடியிருக்கும். மூன்று நகர்த்தல்களுக்கு முன் அது பி7இல்தான் நின்றது. குகேஷின் யானை தாக்கியதால் மூலைக்கு ஒதுங்கியிருந்தது. யானைகள் பலகையில் இருந்தவரை அந்த மூலையால் ஒரு தீங்கும் இல்லை. யானைகள் போனதும் அதுவே சிறையாகிவிட்டது. டி5இல் வந்த பிஷப்பைக் குகேஷின் ராஜா பக்கத்திலிருந்து காத்தது. அந்த ராஜா ஈ5க்கு வந்ததே ஒரு நகர்த்தலுக்கு முன்னால்தான், டிங்கின் யானையை விரட்டுவதற்காக. ஒரே அடியில் யானையை விரட்டி, டி5 கட்டத்துக்கும் காவல் போட்டிருந்தது. இத்தனையும் பொருந்திய பிறகு பிஷப்புகள் வெட்டுப்படுவதைத் தடுக்க வழியே இல்லை.

டிங் வெட்டினார், குகேஷின் ராஜா திருப்பி வெட்டியது. ஏழு ஐந்தானது. வெள்ளை ராஜா ஈ3, கறுப்பு ராஜா ஈ5. இரண்டு ராஜாக்களும் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர். ஆடவேண்டியது வெள்ளை. 58ஆவது நகர்த்தல் முடிந்த அந்த இடத்தில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஏன் அது தோல்வி? 18 டெராபைட் தேவையில்லை, ஒரு விதி போதும். ராஜாக்கள் இப்படி எதிரெதிரே நிற்கும்போது யார் ஆடவேண்டுமோ அவரே வழிவிட வேண்டும். வெள்ளைச் சிப்பாய் முன்னால் நகர முடியாமல் அடைபட்டிருக்கிறது. ஆகவே ராஜாதான் நகர வேண்டும், அதற்கும் நான்கு கட்டங்களே உண்டு: டி3, டி2, ஈ2, எஃப்2. டி3க்குப் போனால் கறுப்பு எஃப் சிப்பாயைத் தள்ளிப் பரிமாறிக்கொள்ளும். பிறகு வெள்ளை ராஜா எட்ட முடியாத தூரத்தில் கறுப்பு ராஜா தன் மிச்சச் சிப்பாய்க்கு முன்னால் ஜி3 கட்டத்தில் போய் நின்று, அதை ராணியாக்கிவிடும். மற்ற மூன்றில் எதற்குப் போனாலும் கறுப்பு ராஜா ஒரு பக்கமாகச் சுற்றி உள்ளே நுழைந்து ஜி3 சிப்பாயைப் பறித்துக்கொள்ளும். சென்னையில் பயிற்சி வகுப்புக்குப் போகும் பத்து வயதுப் பிள்ளைகள் இந்த விதியைக் கற்கிறார்கள். அட்டவணை கோடி கோடி நிலைகளைத் தடவிச் சொன்ன அதே விடையை மனித மூளை ஒரு வரி விதியாகச் சுருக்கி வைத்திருக்கிறது. அறிவியலின் சாரம் எனக்கு இந்தச் சுருக்கத்தில்தான் தெரிகிறது. எல்லா விடைகளும் கையில் இருப்பது ஒரு பேறு. ஏன் அந்த விடை என்று சொல்ல முடிவது அதைவிடப் பெரிய பேறு.

அப்படியானால் இந்த விதியை நன்றாக அறிந்த உலக சாம்பியன் ஏன் யானையை எஃப்2இல் வைத்தார்? நான்காம் வரிசையோடு விலகி ஏ4 பக்கம் போயிருந்தால் போராட்டம் தொடர்ந்திருக்கும்.

நெதர்லாந்து உளவியலாளர் அட்ரியான் டி க்ரூட், 1946இல் வெளியான தம் ஆய்வில் உலக சாம்பியன் அலெகின் உள்ளிட்ட வல்லுநர்களை வாய்விட்டுச் சிந்திக்கச் சொல்லிப் பதிவு செய்தார். மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் சாதாரண வல்லுநர்களைவிட அதிகத் தொலைவு கணக்குப் போடுவதில்லை என்று அதில் தெரிந்தது. பார்த்த மாத்திரத்தில் அவர்கள் சரியான நகர்த்தல்களைத் தேர்ந்துவிடுகிறார்கள், தேவையற்றவற்றை எண்ணிப் பார்ப்பதே இல்லை. 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதன் காரணத்தைக் காட்டினார்கள். உண்மையான ஆட்டத்தின் நிலையை ஐந்து நொடி காட்டிவிட்டு மறைத்தால், வல்லுநர் அதைப் பெரும்பாலும் அப்படியே அடுக்கிவிடுகிறார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அவரும் புதியவரும் ஏறக்குறைய ஒன்றுதான். வல்லுநர் கண்ணுக்குக் காய்கள் தனித்தனியாகத் தெரிவதில்லை, பழகிய கூட்டங்களாகத் தெரிகின்றன.

அந்தத் திறமைக்கு ஒரு விலை உண்டு. மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியோட், ஃபெர்னாண்ட் கோபே மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமான ஒரு வெற்றி வழியும் அதைவிடக் குறுகிய இன்னொரு வழியும் உள்ள நிலையை வல்லுநர்களுக்குக் கொடுத்தார்கள். பழக்கமான வழி கண்ணில் பட்டவுடன் பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். இதைவிடச் சிறந்த வழியைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று அவர்கள் நேர்மையாகச் சொன்னார்கள். ஆனால் கண் அசைவுகளைப் பதிவு செய்த கருவி, அவர்களுடைய பார்வை பழைய வழியின் கட்டங்களையே சுற்றிச் சுற்றி வந்ததைக் காட்டியது.

டிங்கின் மனத்துக்குள் என்ன நடந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் 'வெட்டிக்கொண்டால் டிரா' என்பது செஸ்ஸில் மிக ஆழமாகப் பதிந்த பழக்கம். 18 நாட்களில் 14 ஆட்டங்கள், மணிக்கணக்கான தற்காப்பு, கரையும் கடிகாரம். அந்தச் சோர்வில் பழகிய வழி இன்னும் பிரகாசமாகத் தெரிந்திருக்கும் என்பது என் கணிப்பு. இதற்குப் பலமான சான்று எதிர்ப்பக்கத்திலிருந்தே கிடைக்கிறது. ஆட்டம் முடிந்தபின் செய்தியாளர்களிடம் பேசிய குகேஷ், அந்த நகர்த்தலின் பிழை தனக்கும் முதலில் தெரியவில்லை என்றார். யானையை வேறு கட்டத்துக்கு நகர்த்தி ஆட்டத்தைத் தொடரத்தான் இருந்தாராம். பிறகுதான் டிங்கின் பிஷப் மூலையில் மாட்டிக்கொள்வதைப் பார்த்தார். உலகின் இரண்டு சிறந்த மூளைகள் ஒரே பழக்கத்தின் தடத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவர் கை நகரும் முன் ஒரு கணம் நின்று பார்த்தார். 18 வயதில், 18ஆவது உலக சாம்பியனாக அவரை ஆக்கியது அந்த ஒரு கணம். அவருக்கு முன் இளம் வயதில் மறுக்க முடியாத சாம்பியனாக ஆனவர் காஸ்பரோவ், 1985இல், 22 வயதில்.

டிங்கைக் கேலி செய்தவர்களும் உண்டு. சாம்பியன் பட்டத்துக்குத் தகுதியில்லாத பிழை என்றார்கள். எனக்கு அது அறியாமையாகவே படுகிறது. சீனாவின் முதல் ஆண் உலக சாம்பியன் அவர். போட்டிக்கு முன் பலர் அவரைப் பொருட்படுத்தவே இல்லை. கடைசி ஆட்டத்தின் கடைசி மணிவரை சமமாக நின்றார். ஒன்பது காய்கள் கொண்ட, யாருக்கும் முழுதாகத் தெரியாத பரப்பில் நன்றாகத் தற்காத்தவர், முழுதாகத் தெரிந்த பரப்புக்குள் ஒரு அடி தவறி வைத்துவிட்டார்.

குகேஷின் பயிற்சி பற்றி ஒரு செய்தி இந்த அத்தியாயத்துக்கு மிக நெருக்கமானது. சிறு வயதில் அவருக்குப் பயிற்சி தந்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, தரப்புள்ளி 2500ஐ நெருங்கும் வரை கணினி செயலிகளின் உதவியில்லாமலே அவரை வளர்த்தார். எல்லோரும் செயலியிடம் விடை கேட்கும் காலத்தில் இது துணிச்சலான முடிவு. விடையை முதலில் பார்த்துவிட்ட பிள்ளைக்குக் காரணத்தைத் தேடும் பசி வருவதில்லை. கணிதம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் இந்த ஒரு முடிவைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் செஸ் பலகை இருந்தால் இப்போதே எடுத்து வையுங்கள். வெள்ளை ராஜா ஈ3, வெள்ளைச் சிப்பாய் ஜி3. கறுப்பு ராஜா ஈ5, கறுப்புச் சிப்பாய்கள் எஃப்5, ஜி4. ஆடவேண்டியது வெள்ளை. நான்கு கட்டங்களையும் ஒவ்வொன்றாக முயன்று, கறுப்பு எப்படி வெல்கிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். எஃப்2க்குப் பின்வாங்கும் வழிதான் கொஞ்சம் கடினம். அங்கே எஃப் சிப்பாயை அவசரப்பட்டுத் தள்ளினால் வெற்றி கைநழுவி டிராவாகிவிடும். பிறகு பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து ஆடிப் பாருங்கள். இணையத்தில் இருக்கும் அட்டவணையை அதற்கு அப்புறம் திறந்தால் போதும்.